ஐபோனா ஆண்ட்ராய்டா, ஒருத்தருக்கு ஒண்ணு மட்டும் ஏன் பிடிச்சுப் போகுது?

கேள்வி இதுதான்: ரெண்டு போன்லயும் அதே வாட்ஸ்அப், அதே யூடியூப், அதே மேப்ஸ் தான் ஓடுது, அப்புறம் ஏன் சிலர் ஐபோனைத் தவிர வேற எதையும் தொட மாட்டேங்குறாங்க, சிலர் ஆண்ட்ராய்டை விட்டு நகர மாட்டேங்குறாங்க, உண்மையிலேயே வித்தியாசம் இருக்கா இல்ல எல்லாம் பிராண்ட் மோகமா?

நான் பத்து வருஷத்துக்கும் மேல ரெண்டு பக்கமும் ஆப் எழுதிட்டு இருக்கேன், மேஜைல எப்பவும் ரெண்டு போனும் பக்கத்துல பக்கத்துல கிடக்கும். வித்தியாசம் இருக்குங்க, நிறையவே இருக்கு, ஆனா ஜனங்க சண்டை போட்டுக்குற எடத்துல இல்ல. கேமரா, ப்ராசசர், டிஸ்ப்ளே எல்லாம் வாங்குற அன்னைக்குப் பேசுற பேச்சு. வாங்கி ஒரு வருஷம் கழிச்சும் ஒருத்தர் ஏன் அதுலயே இருக்கார்னு கேட்டா காரணம் வேற மாதிரி வரும். கை அதுக்குப் பழகிடுச்சு, சுத்தி இருக்கவங்க அதுல இருக்காங்க, தன்னோட பொருள் எல்லாம் அதுக்குள்ள சேர்ந்துடுச்சு. பிடிச்சதனால வாங்கினாங்கன்னு நாம நினைக்கிறோம், என் அனுபவத்துல பாதிப் பேருக்கு மேல வாங்கினதுக்கு அப்புறம்தான் பிடிச்சுப் போகுது.

கையில இருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கப்பா ஏழெட்டு வருஷமா ஆண்ட்ராய்ட் வச்சிருந்தார், அக்கா ஒரு ஐபோன் வாங்கிக் கொடுத்தா. முதல் வாரம் நான் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டே இருந்தேன். வாட்ஸ்அப்ல யாரோ அனுப்புன போட்டோவைத் திறந்தார், பார்த்து முடிச்சதும் கட்டை விரல் தானா ஸ்க்ரீன் கீழ்ப்பக்கம் போச்சு, பழைய போன்ல பேக் பட்டன் இருந்த அதே எடம், அங்க அழுத்தினார், ஒண்ணும் நடக்கல, இன்னும் கொஞ்சம் அழுத்தி வச்சார், அப்பவும் இல்ல. அப்புறம் ஹோமுக்குப் போயி மறுபடி வாட்ஸ்அப்பைத் திறந்தா அதே போட்டோ அப்படியே நிக்குது. "டேய், இது மாட்டிக்கிச்சுடா"ன்னார். எதுவும் மாட்டிக்கல, வெளிய வர்ற வழி வேற எடத்துல இருக்கு, அவ்ளோதான்.

இதுக்குப் பின்னாடி ஒரு நிஜமான டிசைன் வித்தியாசம் இருக்கு. ஆண்ட்ராய்ட்ல "பின்னாடி போ"ங்கறது சிஸ்டத்தோட வேலை, எந்த ஆப்புக்குள்ள இருந்தாலும் ஒரே எடத்துல ஒரே பட்டன், 2019ல ஆண்ட்ராய்ட் 10 வந்தப்போ அது ஸ்வைப்பா மாறுச்சு, அப்பவும் இடது ஓரத்துல இருந்து இழுத்தாலும் வலது ஓரத்துல இருந்து இழுத்தாலும் பின்னாடிதான் போகும். ஐபோன்ல அது ஒவ்வொரு ஆப்போட பொறுப்பு. பெரும்பாலும் இடது ஓரத்துல இருந்து இழுக்கணும், இல்லன்னா மேல மூலைல ஒரு அம்புக்குறி இருக்கும், சில பக்கத்துல "முடிந்தது"ன்னு இருக்கும், போட்டோன்னா கீழ இழுத்து விடணும். ஐபோன்ல பழகினவங்களுக்கு இது எதுவுமே கண்ணுல படாது, ஏன்னா விரல் யோசிக்காமலே செய்யும். அதே ஆளு ஆண்ட்ராய்ட் கையில எடுத்தா வலது ஓரத்துல தெரியாம விரல் பட்டு, டைப் பண்ணிட்டு இருந்த பக்கத்தை விட்டு வெளிய வந்துடுவார், "சே என்ன போன் இது"ம்பார். ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல செய்யுற அசைவு இது, எந்த ரிவ்யூலயும் இதுக்கு மார்க் போட்டு நான் பார்த்ததில்ல, ஆனா "எனக்கு அது செட் ஆகலப்பா"ன்னு சொல்றவங்கள்ல பல பேர் சொல்ல வர்றது இதைத்தான். அப்பா இப்ப ஐபோன்தான் சுலபம்னு எல்லார்கிட்டயும் சொல்றார். மூணு மாசம் ஆச்சு அதுக்கு.

சரி, பழக்கத்தைத் தாண்டி ரெண்டும் எங்க வேறுபடுதுன்னா, ஒரே ஒரு கேள்விலதான்: முடிவு பண்றது யாரு? 2007 ஜனவரி 9ஆம் தேதி ஆப்பிளோட ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டினப்போ போனும் அதை ஓட்டுற அடிப்படை மென்பொருளான ஓஎஸ்ஸும் ஒரே கம்பெனியோடது, இன்னைக்கு வரைக்கும் அப்படியேதான். ஆண்ட்ராய்ட் வேற வழில வந்துச்சு, சின்னதா ஆரம்பிச்ச ஒரு கம்பெனியை 2005ல கூகுள் வாங்கிச்சு, 2007 நவம்பர்ல பல போன் கம்பெனிகளைச் சேர்த்து ஒரு கூட்டணி அறிவிச்சாங்க, அடுத்த வருஷம் ஹெச்டிசி தயாரிச்ச முதல் போன் வந்துச்சு. ஆண்ட்ராய்டோட கோட் திறந்த கோட், யார் வேணா எடுத்துக்கலாம், மேல தன்னோட பெயின்ட் அடிச்சுக்கலாம். நல்லதும் கெட்டதும் எல்லாம் இந்த ரெண்டு முடிவுல இருந்துதான் வருது.

அப்டேட்டை எடுத்துக்கங்க. 2013ல வந்த ஐபோன் 5எஸ்க்கு 2023 ஜனவரில கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்துச்சு. புது ஓஎஸ் எப்பவோ நின்னு போச்சு, ஆனா ஓட்டையை அடைக்கிறது நிக்கல. ஆண்ட்ராய்ட்ல கூகுள் ஒரு அப்டேட்டை வெளியிட்டா அது சிப் தயாரிக்கிறவங்க கிட்ட போகணும், அங்கிருந்து போன் கம்பெனிக்கு, சில நாடுகள்ல நெட்வொர்க் கம்பெனிக்கும், அப்புறம்தான் உங்க கைக்கு. எங்கயாவது ஒருத்தர் "பழைய மாடல்தானே"ன்னு விட்டுட்டா அங்கயே நின்னுடும். இதைச் சரி பண்ணத்தான் 2017ல ஆண்ட்ராய்ட் 8ல ட்ரெபிள்னு ஒரு மாற்றம் கொண்டு வந்தாங்க, ஹார்ட்வேரோட பேசுற பகுதியைத் தனியாப் பிரிச்சு வச்சாங்க. 2023ல தன்னோட பிக்சல் 8 போனுக்கு 7 வருஷம் அப்டேட்னு கூகுள் சொல்லுச்சு, 2024ல சாம்சங் எஸ்24க்கு அதே 7 வருஷம். அதனால "ஆண்ட்ராய்ட்னா அப்டேட் வராது"ங்கற பழைய பேச்சு மேல்தட்டு போன்களுக்கு இப்ப பொருந்தாது, விலை குறைஞ்ச போன்களுக்கு இன்னமும் நிறையவே பொருந்தும்.

"ஆண்ட்ராய்ட் ஹேங் ஆகும்"ங்கறதும் இதே கதைதான். ஒரு காலத்துல அது உண்மை. ஐபோன்ல ஸ்க்ரீன் அசைவுகளை வரையுற வேலை ஆரம்பத்துலேர்ந்தே தனியா ஒரு எடத்துல முன்னுரிமையோட நடந்துச்சு, ஆப் உள்ள தடுமாறினாலும் ஏற்கனவே ஆரம்பிச்ச அசைவு நிக்காம ஓடும். ஆண்ட்ராய்ட்ல ஆப்போட வேலையும் வரையுற வேலையும் ஒரே வரிசைல நின்னதால ஒண்ணு தாமதமானா இன்னொண்ணும் நிக்கும். 2012ல ஆண்ட்ராய்ட் 4.1ல ப்ராஜெக்ட் பட்டர்னு ஒரு பெரிய திருத்தம், 2014ல ஆண்ட்ராய்ட் 5ல வரையுறதுக்குன்னே த்ரெட்னு சொல்ற தனி வேலை வரிசை, அதுக்கப்புறம் சம தரத்துல ரெண்டு போனை வச்சா கண்ணால வித்தியாசம் சொல்றது கஷ்டம். ஆனா நீங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, அவங்க மனசுல ஆண்ட்ராய்ட்ங்கறது அஞ்சாறு வருஷம் முன்னாடி தன்கிட்ட இருந்த, ஸ்டோரேஜ் நிரம்பி வழிஞ்ச ஒரு குறிப்பிட்ட போன். அதை விட்டுட்டு பல மடங்கு விலையுள்ள ஐபோனுக்குப் போயிருப்பாங்க. போனைத்தான் ஒப்பிட்டாங்க, ஓஎஸ்ஸை இல்ல, ஆனா தீர்ப்பு மட்டும் ஓஎஸ் மேல விழுது. இது நியாயமே இல்லைன்னு நான் ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருக்கேன்.

அதுக்காக ஐபோன்காரங்க சொல்ற "நம்பிக்கை" வெறும் பேச்சுன்னும் நினைக்காதீங்க, நானே பட்டிருக்கேன். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துற ஒரு சின்ன ஆப் எழுதியிருந்தேன். ஒரே ஆண்ட்ராய்ட் வெர்ஷன், ஒரே கோட், ஒரு கம்பெனி போன்ல டாண்ணு அடிக்குது, இன்னொரு கம்பெனி போன்ல ஸ்க்ரீன் அணைஞ்சு கொஞ்ச நேரம் ஆனா பேட்டரி மிச்சம் பண்றேன்னு அந்தக் கம்பெனி சேர்த்த ஒரு வசதி என் ஆப்பையே மூடிடுது, மணி அடிக்கவே அடிக்காது. அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை தவறிடுச்சுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அதைப் படிச்சுட்டு அன்னைக்கு நான் தூங்கல. கடைசில எந்தக் கம்பெனி போன்ல எந்த செட்டிங்ஸ்க்குள்ள போயி எதை ஆஃப் பண்ணணும்னு ஒரு தனிப் பக்கமே எழுதி ஆப்புக்குள்ள வச்சேன். ஐபோன்ல அந்த நேரத்தை சிஸ்டத்துக்கிட்ட ஒப்படைச்சிட்டா போதும், ஆப் மூடியிருந்தாலும் அது அடிக்கும். ஆனா அதே ஐபோன்ல பின்னணில தொடர்ந்து ஓடுற மாதிரி நான் செய்ய நினைச்ச வேற ரெண்டு விஷயத்துக்கு அனுமதியே இல்ல. ஐபோனோட ஓஎஸ்ஸான ஐஓஎஸ்ல முடியாதுன்னா யாருக்குமே முடியாது, முடியும்னா எல்லார் போன்லயும் ஒரே மாதிரி முடியும். இந்த ஒரு குணத்துக்காகவே அதுல இருக்கவங்க இருக்காங்க, அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

பார்வை இல்லாத நண்பர்கள் சில பேர் என் ஆப்பை டெஸ்ட் பண்ணித் தருவாங்க, அவங்க கிட்ட இதை இன்னும் தெளிவாப் பார்க்கலாம். ஸ்க்ரீன்ல இருக்குறதைப் படிச்சுச் சொல்ற வாய்ஸ்ஓவர் 2009ல ஐபோன் 3ஜிஎஸ்லயே உள்ளயே வந்துடுச்சு. ஆண்ட்ராய்ட்லயும் அதே வேலையைச் செய்யுற டாக்பேக் அதே வருஷம் வந்துச்சு, ஆனா ஒவ்வொரு கம்பெனியும் செட்டிங்ஸ், ஹோம் ஸ்க்ரீன், டயலர் எல்லாத்தையும் தன் இஷ்டத்துக்கு மாத்தும்போது அது டாக்பேக்கோட ஒத்துப் போகுதான்னு எல்லாரும் ஒரே அக்கறையோட பார்க்குறதில்ல. ஒரு நண்பர் போன் எடுத்தா முதல் வேலையா மூணு விரலால மூணு தட்டு தட்டி ஸ்க்ரீனையே அணைச்சிடுவார், பேட்டரியும் மிச்சம், பக்கத்துல இருக்கவங்களும் எட்டிப் பார்க்க முடியாது, அதுக்கப்புறம் நான் கண்ணால தேடுறதை விட வேகமா காதால தேடிப் போவார். அவர்கிட்ட போய் பிராண்ட் மோகம்னு யாரும் சொல்ல முடியாது. (டாக்பேக் இப்ப ரொம்ப முன்னேறிடுச்சு, அதையே விரும்பிப் பயன்படுத்துறவங்களும் எனக்குத் தெரியும்.)

இப்ப ஆண்ட்ராய்ட் பிரியர்கள் பக்கம். அவங்களுக்குப் பிடிச்சது ஒரு வசதியோ ரெண்டு வசதியோ இல்ல, "இது என் பொருள், நான் சொல்றபடி இருக்கும்"ங்கற உணர்வு. முகப்புல விட்ஜெட் ஆண்ட்ராய்ட்ல 2009லயே வந்துடுச்சு, ஐபோன் ஹோம் ஸ்க்ரீனுக்கு அது வர 2020 ஆச்சு. வேற கம்பெனி கீபோர்ட் போட்டுக்குற வசதி ஐபோன்ல 2014ல தான். காப்பி பேஸ்ட் கூட முதல் ரெண்டு வருஷம் ஐபோன்ல கிடையாது, 2009ல வந்துச்சு, நம்புங்க. இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது, ஐபோன்ல நீங்க க்ரோம் போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டாலும் உள்ள வெப் பக்கத்தைக் காட்டுற எஞ்சின் ஆப்பிளோட சஃபாரியோடதுதான், 2024ல ஐரோப்பிய யூனியன் சட்டம் நடைமுறைக்கு வந்ததுக்கு அப்புறம் அங்கதான் முதல்ல வேற எஞ்சினுக்கு வழி திறந்துச்சு. வேற ஆப் ஸ்டோரும் அதே மாதிரி சட்டம் போட்டுத்தான் அங்க உள்ள நுழைஞ்சுது. ஆண்ட்ராய்ட்ல பிளே ஸ்டோர் வேண்டாம்னா எஃப்-ட்ராய்ட்ங்கற வேற ஆப் ஸ்டோர்ல இருந்து திறந்த கோட் ஆப்பா எடுத்துப் போட்டுக்கலாம், முகப்பைக் காட்டுற ஆப்பான லாஞ்சரையே மாத்தி முகப்பு முழுக்க வெறும் எழுத்தா வச்சுக்கலாம், போனை கம்ப்யூட்டர்ல கேபிள்ல சொருகி ஒரு பென் டிரைவ் மாதிரி ஃபைலை இழுத்துப் போடலாம். என் கூட வேலை பார்க்குற ஒருத்தர் போன்ல ஐகானே கிடையாது, பேர் மட்டும் ஆறு வரி, கறுப்புப் பின்னணி. கவனம் சிதறாம இருக்க அவரே உக்காந்து அமைச்சது. அவர் கையில ஐபோனைக் கொடுத்தா வாடகை வீட்டுல ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்ன மாதிரி இருக்கும் அவருக்கு.

இதுவரைக்கும் சொன்னது அவங்கவங்க கை, அவங்கவங்க குணம். அடுத்தது சுத்தி இருக்கவங்க. ஆப்பிள் 2011ல ஐமெசேஜ்னு தன்னோட சொந்த மெசேஜ் வசதியைக் கொண்டு வந்துச்சு, மெசேஜ் ஐபோன்ல இருந்து ஐபோனுக்குப் போனா அதோட கட்டம் நீலம், ஆண்ட்ராய்டுக்குப் போனா பச்சை, பச்சைன்னா போட்டோ மங்கலாப் போகும், குரூப் சாட் உடைஞ்சு போகும். வாட்ஸ்அப் பரவின நாடுகள்ல இருக்கவங்களுக்கு இது ஒரு பிரச்சினையாவே தெரியாது, ஆனா அமெரிக்காவுல பள்ளிப் பிள்ளைங்க நடுவுல பச்சையா வர்றவனை குரூப்லயே சேர்க்காத அளவுக்குப் போச்சு. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டு போகலாமான்னு ஆப்பிள் உள்ளயே பேச்சு நடந்திருக்கு, எபிக் கேம்ஸ்ங்கற கேம் கம்பெனி ஆப்பிள் மேல போட்ட வழக்குல 2021ல வெளிய வந்த மெயில்கள்ல அது இருக்கு, அப்படிக் கொடுத்துட்டா ஐபோன் வச்சிருக்க குடும்பங்கள் பிள்ளைங்களுக்கு ஆண்ட்ராய்ட் வாங்கிக் கொடுக்கத் தடையே இல்லாம போயிடும்ங்கற அர்த்தத்துல 2013லயே அங்க ஒரு மேலதிகாரி எழுதியிருந்தார். 2024ல ஐஓஎஸ் 18ல எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ்ங்கற மெசேஜ் முறை வந்து போட்டோ மங்குறதெல்லாம் பெரும்பாலும் தீர்ந்துச்சு, நிறம் மட்டும் இன்னும் பச்சைதான்.

சுத்தி இருக்குற கூட்டம் எவ்ளோ முக்கியம்னு தெரியணும்னா மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் போனை ஞாபகம் வச்சுக்கங்க. 2010ல வந்துச்சு, அழகு, வேகம், சின்ன போன்லயும் வழுக்கிக்கிட்டு ஓடும், நான் இன்னைக்கும் சொல்வேன் கட்டம் கட்டமா இருந்த அந்த டைல் முகப்பு அந்தக் காலத்துல வந்ததுலயே நல்ல டிசைன். மைக்ரோசாஃப்ட் 2014ல நோக்கியாவோட போன் பிரிவையே வாங்கியும் காப்பாத்த முடியல, 2020 தொடக்கத்தோட ஆதரவு முடிஞ்சுது. ஜனங்க இல்லன்னு நாங்க ஆப் எழுதல, ஆப் இல்லன்னு ஜனங்க வரல. பிடிச்சிருந்தும் விட்டுட்டுப் போனவங்க எத்தனையோ பேர்.

கடைசியா, உள்ள சேர்ந்துட்ட பொருள். இது எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, கணவர் தவறிட்டார், அவர் அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அவங்க ஆண்ட்ராய்ட் போன் வாட்ஸ்அப்ல இருந்துச்சு. பையன் ஐபோன் வாங்கிக் கொடுத்தான். அந்தச் சமயத்துல ஆண்ட்ராய்ட் சாட் பேக்கப் கூகுள் டிரைவ்ல இருக்கும், ஐபோன் அதைப் படிக்காது, ஐபோன் பேக்கப் ஐகிளவுட்ல இருக்கும், ஆண்ட்ராய்ட் அதைப் படிக்காது. அந்தம்மா புது போனை அலமாரில வச்சுட்டாங்க. பையனுக்கு வருத்தம், "அம்மாவுக்கு ஐபோன் பிடிக்கல போல"ன்னான். ஓஎஸ் பிடிக்கிறது பிடிக்காததுன்னு நாம பேசுறப்போ எனக்கு இந்த ஞாபகம்தான் வரும். வாட்ஸ்அப் 2021ல ஐபோன்ல இருந்து ஆண்ட்ராய்டுக்கும், 2022ல ஆண்ட்ராய்ட்ல இருந்து ஐபோனுக்கும் சாட்டை மாத்துற வழியைத் திறந்துச்சு, அதுக்கப்புறம்தான் அவங்க மாறினாங்க. ஆப்பிள் வாட்ச் இருக்கவங்க நிலைமையும் இதுதான், அது ஐபோன் இல்லாம வேலைக்கு ஆகாது, போனை மாத்தணும்னா வாட்சையும் சேர்த்து விடணும்.

ப்ரைவசி பத்தி ஒரு வரி. வேற எதையும் மாத்தாம, கடைல இருந்து வந்தபடியே வச்சிருந்தா ஐபோன் கொஞ்சம் மேல்னுதான் நான் சொல்வேன், 2021 ஏப்ரல்ல "இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா"ன்னு கேக்க ஆரம்பிச்சதும் அடுத்த வருஷ வருமானத்துல 1,000 கோடி டாலர் போல அடிபடும்னு ஃபேஸ்புக்கோட தாய்க் கம்பெனி மெட்டாவே சொல்லுச்சு, அவ்ளோ வலிச்சிருக்கு. அதே சமயம் சஃபாரில கூகுள் தேடல் இருக்கறதுக்காக 2022ல மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்ததும் நீதிமன்றத்துல வெளிய வந்துச்சு. ரெண்டையும் சேர்த்தே மனசுல வச்சுக்கங்க.

இன்னொண்ணையும் நேர்மையா சொல்லணும். உலகத்துல பத்து ஸ்மார்ட்போன்ல ஏழு போல ஆண்ட்ராய்ட், அமெரிக்காவுல பாதிக்கு மேல ஐபோன். இது ரசனையோட கணக்கு இல்ல, பர்ஸோட கணக்கு. ஐபோன்ல அடிமட்ட விலைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எந்த ஓஎஸ் பிடிக்கும்ங்கற கேள்வியே ரெண்டையும் வாங்க முடியுறவங்களுக்கு மட்டும் வர்ற கேள்வி, மத்தவங்களுக்கு ஆண்ட்ராய்ட்தான் போன். "கௌரவத்துக்காக ஐபோன்"னு வாங்குறவங்களும் உண்டு, இல்லைன்னு சொல்லல, ஆனா கௌரவம் ஒரு போனை வாங்க வைக்கும், நாலாவது போனையும் அதே பக்கம் வாங்க வைக்கிறது மேல சொன்னதெல்லாம்தான்.

நீங்களே மாறலாமான்னு யோசிச்சுட்டு இருந்தா, வீட்டுல யார்கிட்டயாவது இருக்குற இன்னொரு வகை போனை ஒரு மாசம் உங்க சிம்மைப் போட்டு ஓட்டிப் பாருங்க. முதல் ரெண்டு வாரம் வர்ற எரிச்சலைக் கணக்குல எடுக்காதீங்க, அது உங்க கட்டை விரலோட எரிச்சல். மூணாவது வாரத்துக்கு அப்புறமும் எது உறுத்துதோ அதை மட்டும் எழுதி வைங்க. அப்புறம் உங்க பேங்க் ஆப், வாட்ச், குடும்ப போட்டோ எல்லாம் எங்க இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்க. ஆண்ட்ராய்ட்ல இருந்து ஐபோனுக்குப் போறதா முடிவு பண்ணிட்டா புது போனை முதல்ல ஆன் பண்ணி செட்டப் பண்றப்பவே "மூவ் டு ஐஓஎஸ்" ஆப் வழியா வாட்ஸ்அப் சாட்டையும் சேர்த்துக் கொண்டு வந்துடுங்க, அப்புறமாப் பார்த்துக்கலாம்னு விட்டா போனை அழிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். எல்லாம் வந்து சேர்ந்துச்சான்னு ஒரு பழைய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் கேட்டுப் பார்க்குற வரைக்கும் பழைய போன்ல எதையும் அழிக்காதீங்க.